முதலில் காடு, பிறகு கடல்

டவுன்ஹால் ரோட்டில் மாடி அறை.
கீழே பெல்ட் கடை, பக்கத்தில் லாட்ஜ்,
சுவரில் ஒரே போஸ்டருக்குள்
சிங்கமும் தென்னையும்,
நடுவில் டேப் ஒட்டிய கிழிசல்.

"சிங்கம் பாக்கணும். கூண்டு இருக்கப்படாது"
என்றார் பவுன்ராஜ்.
மாட்டுத்தாவணியில் வெங்காய மண்டி.
ஆடியில் கல்யாணம் இல்லை, சரக்கு மந்தம்,
சிங்கத்துக்கு இதுதான் தோது.

"எனக்குக் கடல் போதும்" என்றார் இந்திராணி.
"குளிச்சு எந்திரிச்சா
சேலை மாத்த மறைப்புத் தேடாத கடல்."

இருபத்தாறு வருஷம் ஒரே சமையல்கட்டில்
இரண்டு பசி.
நான் கால்குலேட்டரை எடுத்தேன்.
நைரோபியில் ஒரு ராத்திரி, மாராவில் நாலு,
சான்சிபாரில் மூணு.
முதலில் காடு, பிறகு கடல்.
"எல்லாரும் அப்படித்தான் போவாங்க"
என்றேன்.
எல்லாரும் என்பது யார் என்று
எனக்குத் தெரியாது.
என் பாஸ்போர்ட்டில்
முப்பத்தாறு பக்கமும் வெள்ளை.

மஞ்சள் காய்ச்சலுக்குத் தூத்துக்குடியில் ஊசி.
குட்டி விமானத்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோ,
பை மெத்தென்று இருக்க வேண்டும்,
சக்கரம் ஆகாது.
கென்யாவில் பிளாஸ்டிக் பை கூடாது என்றதும்
இந்திராணி சிரித்துவிட்டார்.
அலமாரி நிறைய அவரிடம் தாம்பூலப் பைகள்.
அப்படித்தான்
'சுகந்தி – ராமலிங்கம், வளையங்குளம்'
என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்த மஞ்சப்பை
சீடையோடும் பருப்புப்பொடியோடும்
பூமத்திய ரேகையைத் தாண்டியது.

மூன்றாம் நாள் ராத்திரி செய்தி:
ஃபிலோமினா மேடம், சிங்கம் தூங்குது.
நான்காம் நாள்:
இன்னும் தூங்குது.
ரீஃபண்ட் கேட்பாரோ என்று பயந்தேன்.
ஐந்தாம் நாள் ஒரு வீடியோ.
ஆற்றங்கரையில் தாடி வைத்த மாடுகள்
ஆயிரம், பல்லாயிரம்,
புழுதிக்குள் முட்டிக்கொண்டு நிற்கின்றன.
பின்னணியில் அவர் குரல்
கிசுகிசுக்கிறது:
"முத கேள்வி எவனும் கேக்க மாட்டேங்குறான் பாருங்க.
ஒருத்தன் கேட்டுட்டா
அம்புட்டுப் பேரும் எறங்கிருவான்."
ஒன்று இறங்கியது.
அதற்கப்புறம் படம் ஆடிவிட்டது,
அவர் கத்தியது மட்டும் கேட்கிறது,
ஏலம் எடுத்தவர் மாதிரி.

பிறகு கடல்.
விடிகாலை இந்திராணியின் குரல் மட்டும் வந்தது.
"கடலக் காணோம்மா."
கரையிலிருந்து ஒரு மைல் வெறும் மணல்.
ராத்திரி பார்த்த நீலம்
எங்கோ கோடாகக் கிடக்கிறது.
நான் போஸ்டரைப் பார்த்தேன்.
அதில் எப்போதும் தண்ணீர் இருக்கும்.

"முழங்கா தண்ணியில பொம்பளைக.
வரிசையா குச்சி நட்டு, கயிறு இழுத்து,
பாசிய முடிஞ்சு முடிஞ்சு விடுதுக.
அம்புட்டும் குனிஞ்ச முதுகு.
எங்கூர்ல நாத்து நட்ட மாதிரியே இருந்துச்சு.
செருப்பில்லாம எறங்கிட்டேன்.
ஒரு பிள்ள என் கையில
கயித்துக் கண்டக் குடுத்துச்சு.
பேச்சு புரியல. முடிச்சு புரிஞ்சுது.
அரை மணி நேரம்.
இடுப்பு வலிச்சுது பாரு,
அதே வலி,
ஒரு மாத்தும் இல்ல."

கொஞ்ச நேரம் காற்று மட்டும் ஓடியது.
பிறகு,
"நாலு நாளா ஜீப்பில உக்காந்து
கண்ணாடிக்குள்ள பாத்தேன் ஃபிலோ.
இங்கதான் எறங்கினேன்."

வந்த மறுநாள் மாடி ஏறி வந்தார்கள்.
அவர் முகம் கறுத்திருந்தது,
அவர் மனைவியின் குதிகாலில்
கடல்முள் குத்திய கறுப்புப் புள்ளிகள்.
சிங்கம் எழுந்ததா என்று கேட்டேன்.
"ஒரு தடவ கொட்டாவி விட்டுச்சு" என்றார்,
அது போதும் என்பதுபோல.
மேஜைமேல் சுகந்தி – ராமலிங்கம்.
பிரித்தால் கிராம்பு.
மாடி முழுக்க, படிக்கட்டு முழுக்க,
பெல்ட் கடையின் தோல் நாற்றத்துக்கு மேலே
கிராம்பு.

இன்று வில்லாபுரத்திலிருந்து ஒரு தம்பதி,
அதே இரண்டு பசி.
பழைய தாளையே எடுத்துத் தேதிகளை மாற்றினேன்.
கடைசிப் பக்கத்தில் மட்டும்
ஒரு வரி புதிதாக அடித்தேன்:

ஏழாம் நாள், காலை.
கடல் இருக்காது.
செருப்போடு இறங்கவும்.